நெட்வொர்க் டிரைவர் காணோம்: தானியங்கி ஓஎஸ் நிறுவலில் இணைப்பு அறுகிற இடங்கள்

கல்லூரி லேபுக்கோ வங்கிக் கிளைக்கோ மொத்தமாக வந்திறங்கும் புதுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்று யாரும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து விண்டோஸ் போடுவதில்லை. நெட்வொர்க் கேபிளைச் செருகி, பவர் பட்டனை அழுத்தி, எஃப்12 தட்டினால் போதும். சர்வரிலிருந்து ஓஎஸ் இறங்கி, ஹார்டுடிஸ்க்கைப் பிரித்து, டொமைனில் சேர்ந்து, ஆஃபீஸ் வரைக்கும் ஏற்றிக்கொண்டு லாகின் திரையில் வந்து நிற்கும். இந்த ஏற்பாடு முழுக்க, நெட்வொர்க் கடைசிவரை கூடவே இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. சவுண்டு டிரைவர் விட்டுப்போனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். டிஸ்பிளே டிரைவர் இல்லாவிட்டால் எழுத்து பெரிதாகத் தெரியும், வேலை நிற்காது. இரண்டையும் விண்டோஸ் அப்டேட் கொண்டுவந்து சேர்த்துவிடும். நெட்வொர்க் டிரைவர் விட்டுப்போனால் மட்டும் அதைக் கொண்டுவருகிற வழியும் சேர்ந்தே அடைபடுகிறது.

இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ‘சரியான டிரைவரை இறக்கிச் சேர்த்துவிடுங்கள்’ என்ற ஒரு வரியோடு முடிகின்றன. தப்பில்லை, ஆனால் போதாது. ‘நெட்வொர்க் டிரைவர் இல்லை’ என்பது ஒரு கோளாறு அல்ல, ஒரே முகத்தோடு வரும் பல கோளாறுகள். இணைப்பு நிறுவலின் எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று பார்க்காமல் டிரைவரைத் தேடப் போகிறவர்கள்தான் விடியும்வரை சர்வர் அறையில் மாட்டிக்கொள்கிறார்கள். எனவே இந்தக் கட்டுரை டிரைவரைத் தேடுவதற்கு முன்னால், அறுந்த இடத்தைத் தேடுகிறது.

நெட்வொர்க் வழியாக பூட் ஆவதற்கான பிஎக்ஸ்இ முறையை வரையறுத்தது இன்டெல். இன்றும் புழக்கத்தில் இருக்கும் 2.1 பதிப்பு 1999 செப்டம்பரில் வந்தது. ஹார்டுடிஸ்க்கில் ஒன்றுமே இல்லாத கம்ப்யூட்டர், டிஎச்சிபி சர்வரிடம் ஐபி முகவரி வாங்கி, டிஎஃப்டிபி வழியாக பூட் ஃபைல்களை இறக்கிக்கொள்கிறது. இதற்கு விண்டோஸ் டிரைவர் எதுவும் வேண்டாம். நெட்வொர்க் கார்டை ஓட்டத் தேவையான சிறு புரோகிராம் கார்டிலோ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலோ ஏற்கெனவே இருக்கிறது. பூட் இமேஜ் மெமரிக்குள் இறங்கி, விண்டோஸின் கர்னல் பொறுப்பை எடுத்துக்கொண்டதும் ஃபர்ம்வேர் விலகிக்கொள்கிறது. யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்களில் பூட் சர்வீஸ்கள் முடித்துவைக்கப்படும் அந்தக் கணத்திலிருந்து நெட்வொர்க் கார்டை ஓட்டுவது விண்டோஸ் டிரைவரின் வேலை. ‘இப்பதானே சார் நெட்வொர்க்ல இருந்து முந்நூறு எம்பி இறங்குச்சு, அதுக்குள்ள நெட்வொர்க் கார்டே இல்லைங்குதே’ என்று லேபில் எழுகிற குழப்பத்துக்குப் பதில் இதுதான். இறக்கியவர் வேறு, தொடர வேண்டியவர் வேறு.

இப்படி ஒரு முழு நிறுவலில் நெட்வொர்க் குறைந்தது மூன்று கை மாறுகிறது: ஃபர்ம்வேர், நிறுவலை நடத்தும் விண்டோஸ் பிஇ, கடைசியில் ஹார்டுடிஸ்க்கில் உட்காரும் முழு விண்டோஸ். பின்னவை இரண்டுக்கும் தனித்தனியாக டிரைவர் தர வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்தது மற்றதற்குத் தானாகப் போய்ச் சேராது. விண்டோஸ் பிஇ என்பது மெமரியில் ஓடி, ரீஸ்டார்ட் ஆனதும் மறைந்துபோகிற ஓஎஸ். அதில் நெட்வொர்க் நன்றாக ஓடியது என்பதால் பின்னால் வரும் விண்டோஸிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. இதன் தலைகீழும் உண்மைதான்.

முதல் அறுபடல் பெரும்பாலும் விண்டோஸ் பிஇ-இல்தான். மைக்ரோசாஃப்ட்டின் நிறுவல் கருவிகளான டபிள்யூடிஎஸ், எம்டிடி, கான்ஃபிகரேஷன் மேனேஜர் மூன்றும் அதை ஒவ்வொரு விதமாகச் சொல்கின்றன. டபிள்யூடிஎஸ், பொருத்தமான நெட்வொர்க் கார்டு டிரைவர் இந்த இமேஜில் இல்லை என்று நேராகவே சொல்லிவிடும். எம்டிடி, நிறுவல் ஃபைல்கள் இருக்கும் சர்வர் ஃபோல்டரான டிப்ளாய்மெண்ட் ஷேரை எட்ட முடியவில்லை என்று சொல்லி, டிரைவர் இல்லாத கார்டின் ஹார்டுவேர் ஐடியையும் திரையில் காட்டும். அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கான்ஃபிகரேஷன் மேனேஜர்தான் கருமி. நெட்வொர்க் இணைப்பைத் தயார் செய்கிறது என்று ஒரு வரி காட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பூட் இமேஜில் கமாண்டு சப்போர்ட்டை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால் எஃப்8 அழுத்தி கமாண்டு பிராம்ப்ட்டைத் திறக்கலாம். திறந்திருக்கும்வரை ரீஸ்டார்ட் நடக்காது. டெம்ப் ஃபோல்டருக்குள் எஸ்எம்எஸ்டிஎஸ் லாக் ஃபைலும் கிடைக்கும். பாதுகாப்பு கருதி கமாண்டு சப்போர்ட்டை அணைத்து வைக்கும் நிறுவனங்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் சோதனைக்கென்று அது இயங்கும் இன்னொரு பூட் இமேஜ் கையில் இல்லாமல் புது மாடலைத் தொடக்கூடாது.

அந்தக் கறுப்புத் திரையில் முதலில் தட்ட வேண்டியது ஐபிகான்ஃபிக். என்னைக் கேட்டால் இந்த விஷயம் முழுவதிலும் மிகவும் பயன்படும் கமாண்டு இதுதான். ஒரு நெட்வொர்க் அடாப்டரும் தெரியாமல் வெறுமையாக இருந்தால், டிரைவர் உண்மையிலேயே இல்லை. அடாப்டர் தெரிந்து, முகவரி 169.254 என்று தொடங்கினால் டிரைவர் இருக்கிறது, ஓடவும் ஓடுகிறது. டிஎச்சிபி-தான் பதில் தரவில்லை. ஒழுங்கான முகவரி வந்திருந்தால் நெட்வொர்க்கின் மேல் பழி போட வேண்டாம். ஷேரின் பாஸ்வேர்டு, டிஎன்எஸ், தப்பான கடிகாரம் என்று தேடல் வேறு பக்கம் போக வேண்டும். அரை நிமிட வேலை இது. செய்யாமல் விட்டால், நல்லபடி ஓடும் டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதிது போடும் வீண் வேலையில் போய் முடியும்.

அந்த 169.254-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டிரைவர் கோளாறு என்று தப்பாக எழுதப்படும் புகார்களில் இதற்குப் பெரிய இடம் உண்டு. விண்டோஸ் பிஇ தன் டிரைவரை ஏற்றும்போது கார்டு ஒருமுறை அணைந்து எரியும். எதிர்முனையில் இருக்கும் ஸ்விட்ச் இதைப் புது இணைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. பழைய ஸ்பானிங் ட்ரீ முறைப்படி அந்தப் போர்ட்டைக் கவனிக்க 15 வினாடி, கற்றுக்கொள்ள 15 வினாடி, ஆக 30 வினாடி கழித்துத்தான் டேட்டாவை விடுகிறது. அதற்குள் நிறுவல் புரோகிராம் முகவரி கேட்டு, பதில் வராமல் கைவிட்டிருக்கும். கமாண்டு பிராம்ப்ட்டைத் திறந்து பொறுமையாக மறுபடி முகவரி கேட்டால் கிடைத்துவிடும். அதனால்தான் ‘ரெண்டாவது தடவை போட்டா வருது’ என்ற விசித்திரமான புகார் எழுகிறது. மருந்து ஸ்விட்ச்சில் இருக்கிறது: கம்ப்யூட்டர் செருகும் போர்ட்டுகளுக்கு போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் அமைப்பு. போர்ட்டில் 802.1எக்ஸ் அங்கீகாரம் போட்டிருக்கும் அலுவலகங்களிலும் இதே தோற்றம் வரும். சான்றிதழ் இல்லாத விண்டோஸ் பிஇ-யை ஸ்விட்ச் வாசலிலேயே நிறுத்திவிடும். டெஸ்க்டாப் டீமும் நெட்வொர்க் டீமும் தனித்தனி மாடியில் இருக்கும் நிறுவனங்களில் இந்த ஒரு கோளாறு வாரக்கணக்கில் இங்கும் அங்கும் அலைவதுண்டு. அது மனிதர்களின் உழைப்பை வீணடிப்பது என்பதால் எனக்கு இதில் ஆதங்கம் அதிகம்.

அடாப்டர் உண்மையிலேயே தெரியவில்லை என்றால், உடனே பூட் இமேஜை மறுபடி கட்டப் போக வேண்டியதில்லை. டிரைவர் ஃபைல்களை ஒரு பென்டிரைவில் போட்டு, விண்டோஸ் பிஇ-இல் இருக்கும் டிரைவ்லோடு கமாண்டால் அந்த ஐஎன்எஃப் ஃபைலை ஏற்றிப் பார்க்கலாம். ஐபிகான்ஃபிக்கில் அடாப்டர் முளைத்தால், சேர்க்க வேண்டியது அதுதான் என்று உறுதி. முளைக்காவிட்டால், தப்பான டிரைவரைச் சேர்த்து அரைமணி நேரம் இமேஜ் கட்டும் வேலை மிச்சம். ஐஎன்எஃப் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கம்பெனி இணையதளத்தில் கிடைக்கும் இன்ஸ்டாலர் புரோகிராமை விண்டோஸ் பிஇ ஓட்டாது. அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஐஎன்எஃப், சிஸ், கேட் என்ற மூன்று வகை ஃபைல்களை எடுக்க வேண்டும். வழி சொல்லும் ஃபைல் ஒன்று, ஓடும் ஃபைல் ஒன்று, டிஜிட்டல் கையெழுத்து ஒன்று. ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது.

சேர்த்த பிறகும் வராமல் போகிற இடங்கள் சில உண்டு. மைக்ரோசாஃப்ட் டிவிடி-இல் வரும் பூட் இமேஜ் ஃபைலுக்குள் இரண்டு இமேஜ்கள் இருக்கின்றன: முதலாவது வெறும் விண்டோஸ் பிஇ, இரண்டாவதுதான் செட்டப் ஓடுவது. டிஸ்ம் கருவியால் முதலாவதைத் திறந்து டிரைவரைச் சேர்த்து, வெற்றி என்று செய்தியும் வந்து, நடைமுறையில் ஒன்றும் மாறாமல் இருந்தால் காரணம் அநேகமாக இதுதான். எம்டிடி-இல் டிரைவரைச் சேர்ப்பது ஒரு வேலை, டிப்ளாய்மெண்ட் ஷேரை அப்டேட் செய்வது இரண்டாவது வேலை, புதிதாகப் பிறந்த பூட் இமேஜை டபிள்யூடிஎஸ் சர்வரில் பழையதற்குப் பதிலாக வைப்பது மூன்றாவது வேலை. மூன்றாவதை மறப்பவர்கள் ஏராளம். கான்ஃபிகரேஷன் மேனேஜரிலும் டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் வரை புது இமேஜ் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று: விண்டோஸ் பிஇ-க்கு டிரைவர் தேர்ந்தெடுக்கும்போது விண்டோஸ் பிஇ-இன் பதிப்பைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7 போடுவதாக இருந்தாலும், பூட் இமேஜ் விண்டோஸ் 10-இன் கருவித்தொகுப்பில் கட்டியது என்றால் அதற்கு விண்டோஸ் 10 டிரைவர்தான் வேண்டும்.

அடுத்தது பொருத்தம் பார்க்கும் விஷயம். விண்டோஸ் பெயரைப் பார்த்து டிரைவர் போடுவதில்லை, எண்ணைப் பார்த்துப் போடுகிறது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்று நிற்கும் உருப்படியின் புராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அதில் வெண்டர் எண், டிவைஸ் எண், சப்சிஸ்டம் எண், ரிவிஷன் எண் என்று வரிசையாக இருக்கும். வெண்டர் 8086 என்றால் இன்டெல். 1978-இல் வெளியான தன் புகழ்பெற்ற பிராசஸரின் எண்ணையே அந்த நிறுவனம் அடையாளமாக வைத்துக்கொண்டது. 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம். ரியல்டெக்கில் டிவைஸ் எண் 8168 என்றால் பரவலாகக் காணும் ஜிகாபிட் கார்டு, 8125 என்றால் 2.5 ஜிகாபிட் கார்டு. இவை ஐஎன்எஃப் ஃபைலில் நோட்பேடால் திறந்தே படிக்கக்கூடிய வரிகள். கம்ப்யூட்டர் சொல்லும் எண் அந்த ஃபைலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால், சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல்லின் ஐ219-எல்எம் நல்ல உதாரணம். 2015-இல் ஸ்கைலேக் பிராசஸர்களோடு அது வந்தபோது டிவைஸ் எண் 156எஃப். பின்னர் காஃபிலேக் தலைமுறையில் அதே பெயர் 15பிபி, 15பிடி என்ற எண்களோடு வந்தது. பெட்டியின் மேல் ஐ219-எல்எம் என்றே எழுதியிருக்கும். சர்வரில் இருக்கும் பழைய டிரைவருக்கு 156எஃப் மட்டும்தான் தெரியும். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தபால்காரர் கதவு எண்ணைத்தானே பார்ப்பார். ‘இந்த டிரைவர் ஏற்கெனவே போட்டிருக்கோமே’ என்று ஒருவர் உறுதியாகச் சொல்வதும், கம்ப்யூட்டர் அதை மறுப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இன்டெல்லின் டிரைவர் ஃபைல் பெயர்களில் வரும் 65, 68 போன்ற எண்களுக்கும் பொருள் உண்டு. அவை விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கான என்டிஐஎஸ்-இன் 6.5, 6.8 பதிப்புகளைக் குறிப்பவை. சிப் பொருந்தினாலும், பழைய விண்டோஸ் 10 வெளியீட்டில் 68 வரிசை டிரைவர் ஏறாது.

புதிய சிப், பழைய இமேஜ் என்ற இடைவெளிதான் இந்தப் பொருத்தக் கோளாறுகளின் அடிவேர். விண்டோஸ் தன்னோடு கொண்டுவரும் டிரைவர்கள் அது வெளியான நாள்வரைக்கும் இருந்த உலகத்துக்கானவை. 2020 வாக்கில் மதர்போர்டுகளில் இன்டெல்லின் ஐ225-வி பரவலாக வந்தது. விண்டோஸ் 10-இன் நிறுவல் இமேஜில் அதற்கு டிரைவர் கிடையாது. வீட்டுக்கு அசெம்பிள் செய்துகொண்டவர்கள்கூட, பக்கத்து வீட்டு லேப்டாப்பில் டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. இதற்கு முன்னோடி விண்டோஸ் 7. அதில் யூஎஸ்பி 3.0-க்கே டிரைவர் இல்லை. ஸ்கைலேக் தலைமுறையில் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரும் எடுக்கப்பட்டதால், நெட்வொர்க் மட்டுமல்ல, கீபோர்டும் மவுஸும்கூட நிறுவலின் நடுவே செத்துப்போயின.

இனி மூன்றாவது கை. விண்டோஸ் பிஇ தன் வேலையை முடித்து, இமேஜ் ஹார்டுடிஸ்க்கில் விரிந்து, ரீஸ்டார்ட் ஆகி, முழு விண்டோஸ் முதன்முறையாக எழுகிறது. ஸ்பெஷலைஸ் என்ற இந்தக் கட்டத்தில்தான் ஹார்டுவேரை அடையாளம் காண்பதும் டொமைனில் சேர்வதும் நடக்கின்றன. இங்கே டிரைவர் இல்லாவிட்டால் சத்தம் எதுவும் எழாது. கம்ப்யூட்டர் டொமைனில் சேராமல் வொர்க்குரூப்பிலேயே நின்றுவிடும். மீதிப் புரோகிராம்கள் ஏறாது. லாகின் திரை என்னவோ அழகாக வந்து நிற்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டாஸ்க் சீக்வென்ஸ் பாதியில் நின்றிருக்கும். பார்ப்பவர் டொமைன் பாஸ்வேர்டைச் சந்தேகிப்பார், பாலிசியைச் சந்தேகிப்பார். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கோடு 28 என்று எழுதியிருக்கும்: டிரைவர் நிறுவப்படவில்லை. கோடு 10 என்றால் டிரைவர் இருந்தும் கார்டு தொடங்க மறுக்கிறது, 52 என்றால் கையெழுத்து செல்லவில்லை. நடந்ததை வரிவரியாகச் சொல்லும் ஃபைல் ஒன்று விண்டோஸின் ஐஎன்எஃப் ஃபோல்டரில் இருக்கிறது: செட்டப்ஏபிஐ டெவ் லாக். நீளமானது, படிக்கச் சலிப்பானது. ஆனால் எந்த ஐஎன்எஃப்-ஐ விண்டோஸ் பரிசீலித்தது, எதற்கு என்ன மதிப்பெண் போட்டது, ஏன் தள்ளியது என்று அதில் எழுதியிருக்கும். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வீடியோ பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு இந்த ஃபைலை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மதிப்பெண் என்று சொன்னது உண்மையான பொருளில்தான். பல டிரைவர்கள் பொருந்தினால், கையெழுத்தின் தரத்தையும் எண் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதையும் விண்டோஸ் முதலில் பார்க்கிறது. அதிலும் சமம் என்றால் தேதியைப் பார்க்கிறது, அதற்கும் பிறகுதான் வெர்ஷன். ஆக, நீங்கள் விரும்பிய டிரைவர் ஃபோல்டரில் இருப்பது மட்டும் போதாது, அதை வெல்லக்கூடிய வேறொன்று பக்கத்தில் இல்லாமலும் இருக்க வேண்டும்.

டிரைவர் கிடங்கை எப்படி வைத்துக்கொள்வது என்ற பழைய வாக்குவாதம் இங்கேதான் வருகிறது. கிடைத்த டிரைவர் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டு, விண்டோஸே பொறுக்கிக்கொள்ளட்டும் என்பது ஒரு கட்சி. கம்பெனி, மாடல் வாரியாக ஃபோல்டர் பிரித்து, அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு அதனதன் டிரைவரை மட்டும் தருவது இன்னொரு கட்சி. எம்டிடி உலகில் இதற்கு டோட்டல் கன்ட்ரோல் என்று பெயர். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் மாடல் வாரியாக டிரைவர் பேக்குகளைத் தாங்களே கட்டித் தருகின்றன. நெட்வொர்க்கை மட்டும் போட்டுவிட்டு மீதியை விண்டோஸ் அப்டேட்டிடம் விடுபவர்களும் இன்று பெருகிவருகிறார்கள்.

முதல் கட்சி ஐந்தாறு மாடல்வரை பிழைக்கும். பிறகு ஒரு மாடலுக்காகச் சேர்த்த டிரைவர் இன்னொரு மாடலைக் கெடுக்கும், யாருக்கும் காரணம் தெரியாது. பூட் இமேஜ் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. அங்கே நெட்வொர்க், ஸ்டோரேஜ் இரண்டுக்குமான டிரைவர்களை எல்லா மாடல்களுக்கும் சேர்த்து வைக்கலாம், வேறெதையும் வைக்கக்கூடாது. சவுண்டும் வெப்கேமும் விண்டோஸ் பிஇ-க்கு எதற்கு? முழுக்க மெமரியில் ஓடும் இமேஜ் அது. சேர்க்கும் ஒவ்வொரு எம்பி-யும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் வழியாக இறங்க வேண்டும்.

மாடல் வாரி முறைக்கும் தன் சிக்கல்கள் உண்டு. கம்ப்யூட்டர் தன் மாடல் பெயரை எப்படிச் சொல்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லெனோவோவில் மாடல் இடத்தில் திங்க்பேட் டி480 என்று வராது. 20எல்5 என்றோ 20எல்6 என்றோ தொடங்கும் குறியீடு வரும். மனிதர்களுக்குப் புரியும் பெயர் வெர்ஷன் என்ற வேறு இடத்தில் இருக்கும். இது தெரியாமல் டி480 என்று ஃபோல்டர் கட்டினால் அதை யாரும் திறக்கவே மாட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்கள் நிறைய ஓடும் நம் ஊர்ச் சிறு நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் இதைவிடப் பெரிய சிக்கல். அவற்றில் பலவற்றில் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.’ என்றே எழுதியிருக்கும். தயாரித்தவர் நிரப்ப வேண்டிய இடத்தை நிரப்ப ஆளில்லை. அங்கே மாடலை விட்டுவிட்டு மதர்போர்டின் பெயரைக் கேட்டு ஃபோல்டரைத் தேர்வதுதான் வழி. அதிலும்கூட ஒரே மதர்போர்டின் அடுத்த ரிவிஷனில் கம்பெனி சத்தமில்லாமல் நெட்வொர்க் சிப்பை மாற்றியிருக்கலாம்.

இமேஜைச் சேமிக்கும் முறையிலும் ஓட்டைகள் உண்டு. ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் போட்டு, சிஸ்பிரெப் ஓட்டி இமேஜ் எடுக்கும்போது, ஜெனரலைஸ் என்ற கட்டம் அந்தக் கம்ப்யூட்டரின் டிவைஸ் அடையாளங்களைக் கழற்றிவிடும். கழற்றாமல் வைத்திருக்கும்படி அன்அட்டெண்ட் ஃபைலில் சொல்ல முடியும். ஒரே வகைக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். மைக்ரோசாஃப்ட்டின் நிறுவல் இமேஜ் ஃபைலுக்குள் ஹோம், புரோ என்று எடிஷன் வாரியாகப் பல இமேஜ்கள் இருப்பதால், எந்த எடிஷனைப் போடப் போகிறோமோ அதிலேயே டிரைவரைச் சேர்த்தோமா என்றும் பார்க்க வேண்டும்.

ஈதர்நெட் போர்ட்டே இல்லாத மெல்லிய லேப்டாப்கள் வந்தபின் சிக்கல் டாங்கிளுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. பெரும்பாலான டாங்கிள்களில் ரியல்டெக் 8153 அல்லது ஏசிக்ஸ் 88179 சிப் இருக்கும். இரண்டுக்கும் பூட் இமேஜில் டிரைவர் வைத்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்தது. ஆனால் ஒரே டாங்கிளை லேப்டாப் லேப்டாப்பாகச் செருகிப் போகும்போது எல்லாமே ஒரே மேக் முகவரியோடு சர்வரிடம் போகின்றன. ‘இந்தக் கம்ப்யூட்டர் எனக்கு ஏற்கெனவே தெரியும்’ என்று கான்ஃபிகரேஷன் மேனேஜர் எடுத்துக்கொண்டு, புதியவற்றுக்கான நிறுவலைத் தர மறுக்கும். அந்த மேக் முகவரியை அடையாளமாகக் கொள்ள வேண்டாம் என்று சர்வரில் பட்டியலிட்டு வைக்க வழி இருக்கிறது. டிரைவரைத் தேடி அலைவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் அது.

விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களில் நிலைமை எளிது. விஎம்வேரில் ஈ1000இ அடாப்டரைக் கொடுத்தால் விண்டோஸுக்கு அது தெரியும். வேகம் வேண்டும் என்று விஎம்எக்ஸ்நெட்3 கொடுத்தால் விஎம்வேர் டூல்ஸிலிருந்து டிரைவரை எடுத்து இமேஜில் சேர்க்க வேண்டும். கேவிஎம்-இல் விர்ட்ஐஓ-வும் அப்படித்தான். விண்டோஸ் சர்வரை டெஸ்க்டாப் மதர்போர்டில் போடுபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: ஐ219-வி போன்ற டெஸ்க்டாப் கார்டுகளை இன்டெல் சர்வர் விண்டோஸில் ஆதரிப்பதில்லை. ஐஎன்எஃப் ஃபைலைத் திருத்தி ஏமாற்றலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். திருத்திய உடனே கையெழுத்து முறிந்துவிடும்.

லினக்ஸ் உலகில் டிரைவர் கர்னலோடு வருவதால் இந்தத் தொல்லையே இல்லை என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பாதிதான் சரி. ஐ225-க்கான ஐஜிசி டிரைவர் 4.20 கர்னலில்தான் வந்தது. உபுண்டு 18.04 தன் முதல் வெளியீட்டில் 4.15 கர்னலோடு வந்ததால், 2020-இன் மதர்போர்டில் அதைத் தானியங்கியாகப் போட்டவர்களுக்கு விண்டோஸ்காரர்களின் அதே கதிதான். புதுக் கர்னல் கொண்ட எச்டபிள்யூஇ இமேஜுக்கு மாறினால் சரியாகும். சில கார்டுகளுக்குக் கர்னல் டிரைவரோடு தனி ஃபர்ம்வேர் ஃபைலும் வேண்டும். சுதந்திர உரிமம் இல்லாத ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் இமேஜில் சேர்க்காமல் இருந்த டெபியன், 2022-இல் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்குப் பிறகு கொள்கையை மாற்றிக்கொண்டது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது உள்ளேயே இருக்கிறது. கொள்கையில் உறுதியாக இருந்தவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நெட்வொர்க்குக்கான ஃபர்ம்வேரை நெட்வொர்க்கில் இருந்து எடுத்துக்கொள் என்று ஒரு மாணவனிடம் சொல்ல முடியாது.

டெபியனை பிஎக்ஸ்இ வழியாகப் போடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஎஃப்டிபி சர்வரில் வைத்த நிறுவல் கர்னல் பழையதாகி, மிரர் சர்வரில் இருக்கும் மாட்யூல்கள் அடுத்த கர்னலுக்கு மாறியிருந்தால், கர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று நிறுவல் நின்றுவிடும். போன மாதம் ஓடியது இந்த மாதம் ஓடாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இமேஜ் குளோன் செய்வோருக்கு வரும் சிக்கல் வேறு வகை: டிரைவர் இருக்கும், கார்டும் ஓடும், பெயர் மாறியிருக்கும். பழைய லினக்ஸில் முந்தைய கார்டின் மேக் முகவரி யூடெவ் விதி ஃபைலில் பதிந்திருக்க, புதுக் கம்ப்யூட்டரின் கார்டு ஈத்0-க்குப் பதில் ஈத்1 ஆகிவிடும். 2013-இல் சிஸ்டம்டி கொண்டுவந்த பெயர்முறையில், கார்டு செருகிய ஸ்லாட்டைப் பொறுத்தே பெயர் அமைகிறது. இரண்டு நிலையிலும் ஐபி அமைப்பு பழைய பெயருக்கே எழுதப்பட்டிருக்கும். எல்எஸ்பிசிஐ கமாண்டைக் கர்னல் டிரைவரையும் காட்டும்படி ஓட்டினால், கார்டுக்கு டிரைவர் பிடித்திருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களை ஓட்டும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ இதில் இன்னும் கடினம். 2020-இல் வந்த 7.0 பதிப்பில் பழைய லினக்ஸ் வழி டிரைவர்களுக்கான ஆதரவை அது முற்றாக எடுத்துவிட்டது. அப்படிப்பட்ட பழைய கார்டு மட்டுமே இருந்தால் நிறுவல் நகராது.

இன்று களம் மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 11-இன் பூட் இமேஜைக் கொண்டு டபிள்யூடிஎஸ் வழியாக நேரடியாக நிறுவும் முறையை மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 11 ஹோம் முதல் நாளிலிருந்தும், புரோ 22எச்2 வெளியீட்டிலிருந்தும் முதல் அமைப்பின்போது இணைய இணைப்பைக் கேட்கின்றன. வைஃபை டிரைவர் இல்லாத லேப்டாப் ‘நெட்வொர்க்குடன் இணைக்கலாம்’ என்ற திரையிலேயே நின்றுவிடும். அதைத் தாண்ட உதவிய பைபாஸ் என்ஆர்ஓ ஸ்கிரிப்ட்டையும் 2025 மார்ச்சில் சோதனை வெளியீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதுக் கம்ப்யூட்டரை இணையம் வழியாகவே நிறுவனத்துக்கேற்ப அமைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபைலட் முறை, தயாரித்த கம்பெனியின் ஃபேக்டரி இமேஜில் டிரைவர்கள் இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டது. அந்த இமேஜை அழித்துவிட்டு மைக்ரோசாஃப்ட்டின் வெறும் ஐஎஸ்ஓ-வைப் போட்ட மறுநொடி அந்த நம்பிக்கை போய்விடுகிறது. விண்டோஸ் பிஇ-இல் வைஃபை கிடையாது. மீட்புக்கான விண்டோஸ் ஆர்இ-இல் உண்டு என்பதால், கேபிளே இல்லாத லேப்டாப்களுக்கு அதைப் பூட் இமேஜாக எடுத்துக்கொள்ளும் ஓஎஸ்டி கிளவுட் போன்ற கருவிகள் வந்திருக்கின்றன. அங்கும் வைஃபை சிப்பின் டிரைவரை நாம்தான் சேர்க்க வேண்டும்.

இத்தனை சிக்கலும் தொடங்கும் இடம் சர்வர் அறை அல்ல, கொள்முதல் மேசை. டெண்டரிலும் பர்ச்சேஸ் ஆர்டரிலும் பிராசஸர், ரேம், டிஸ்க் எல்லாம் வரிவரியாக எழுதப்படுகின்றன. நெட்வொர்க் கார்டு என்ற இடத்தில் ‘ஜிகாபிட் ஈதர்நெட்’ என்று மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் சிப்பின் பெயரையும் ஹார்டுவேர் ஐடியையும் எழுதித் தரும்படி சப்ளையரிடம் கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை. லாரியில் மொத்தமும் வருவதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் மாதிரிக்கு வாங்கி, பிஎக்ஸ்இ-இல் தொடங்கி லாகின் வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது டொமைனில் சேர்ந்ததா, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே மீதி அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது லாட் வரும்போதும், அதே மாடல்தான் என்று சப்ளையர் எவ்வளவு சொன்னாலும், முதல் பெட்டியில் ஹார்டுவேர் ஐடியை மறுபடி பார்க்க வேண்டும்.